ஆளுக்கொரு சிலிண்டர்

காலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். சாக்கில் இருப்பது அரிசி இல்லை, இரும்பு. பேருந்து குலுங்கினால் நகரும். நகர்ந்தால் உங்கள் கால் விரல் போய்விடும், அப்புறம் உங்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே பதில் கேட்டுக்கொண்டிருக்கிற ஆட்களே எனக்குப் போதும்.

டிராக்டர் எஞ்சினின் ஹெட், அதாவது வால்வெல்லாம் உட்கார்ந்திருக்கிற மேல் பாகம். நாற்பது கிலோ வரும். கண்டக்டர் இதற்கும் டிக்கெட் போட்டுவிட்டார். அப்படியென்றால் இதை ஸீட்டில் வைக்கிறேன் என்றேன், அதற்கு மட்டும் முறைக்கிறார்.

போளூர் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். நீங்களும் போளூரா? நல்லதாகப் போயிற்று. முக்கால் மணி நேரம் இருக்கிறது, முழுவதையும் சொல்லிவிடலாம். கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், பேப்பர் படிக்கிறீர்கள், நியாயம் தெரிந்தவராகத்தான் இருப்பீர்கள். பேப்பரை மடித்து வைத்துவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் யாரோ வீட்டுச் சங்கதி.

என் பெயர் கோதண்டம். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். நான் மூத்தவன். அடுத்தவன் தசரதன். கடைசி, பரந்தாமன். அவன் இப்போது இல்லை, மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் பங்குக்கு அவன் மனைவி அலமேலு இருக்கிறாள். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல பெண். சொன்னால் கேட்காது, அவ்வளவுதான்.

அப்பா செத்த வருடம் பாகம் பிரித்தோம். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் கங்காதரன்தான் உட்கார்ந்து பேசினார். நிலம் பன்னிரண்டு ஏக்கர், ஆளுக்கு நாலு. கிணற்றுக்கு முறை. புளியமரம் மூன்று, அதில் ஒன்று காய்க்காது. அந்தக் காய்க்காத மரத்துக்கே இரண்டு நாள் பேசினோம். கடைசியில் மிஞ்சியது டிராக்டர். பழைய வண்டி. அப்பா வாங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. விற்கலாம் என்றான் தசரதன். நான் இருக்கும்வரை விற்க விடமாட்டேன் என்றேன். நீயே வைத்துக்கொள் என்றான். ஊர் என்னைப் பேராசைக்காரன் என்று சொல்லட்டும், அதுதானே உன் ஆசை என்றேன். சாயங்காலம்வரை இப்படியே போயிற்று. கங்காதரனுக்குப் பசி. துண்டை உதறிக்கொண்டே சொன்னார்:

"மூணு பேரு, மூணு சிலிண்டரு வண்டி. ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கினு போங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "எழுதுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இன்றைக்கு அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். விளையாட்டாக இருந்தால் கூர்சீட்டில், அதுதான் பாகம் பிரித்த பத்திரத்தில், ஏன் எழுதினார்? வாசகம் எனக்கு மனப்பாடம். 'மேற்படி டிராக்டர் எஞ்சினில் மூத்தவர் பாகமாகிய சிலிண்டரை மூத்தவரும், நடுச் சிலிண்டரை இரண்டாமவரும், மற்றதை இளையவரும் அடைந்து, அவரவர் சிலிண்டரை அவரவரே பராமரித்து வர வேண்டியது. ஒருவர் பாகத்தில் மற்றவர் பிரவேசிக்கக் கூடாது.' மூன்று கையெழுத்து, இரண்டு சாட்சி. இதைவிட என்ன வேண்டும்?

மூத்தவன் சிலிண்டர் எது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. மூத்தவனுக்கு மேற்குப் பங்கு, அது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டியை மேற்குப் பார்த்து நிறுத்தினோம். ரேடியேட்டர் பக்கம் எனக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் கிழக்குப் பார்த்து வண்டியை நிறுத்த விட்டதே இல்லை. பங்கு மாறிவிட்டது என்று நாளைக்கு யாராவது கிளம்பினால்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கேஸ் நடத்தியவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டேப்பட் தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை, நானே சொல்கிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வு. காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. மேலே ராக்கர் என்று ஒரு இரும்புக் கை வந்து வால்வின் தலையில் தட்டும். தட்டினால் திறக்கும், விட்டால் மூடும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்கிறார்கள். அதைத் திருகாணியை முடுக்கியோ தளர்த்தியோ சரிசெய்வதற்குத்தான் டேப்பட் செட்டிங் என்று பெயர். அந்த இடைவெளி இருப்பதால்தான் பழைய வண்டியெல்லாம் டக் டக் என்று தட்டிக்கொண்டே போகிறது. அதை அளக்க மெல்லிசாகத் தகடுகள் விற்கிறார்கள், விசிறி மாதிரி விரியும். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருக்கும்.

பரந்தாமன் இருந்தவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் மூடியைக் கழற்றி ஏதோ நோண்டிக்கொண்டிருப்பான். அலமேலு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். தன்னுடைய சிலிண்டரைத்தான் பார்க்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றையும் பார்த்திருக்கிறான் என்பது அவன் செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரியத்துக்கு வந்த இடத்தில் மெக்கானிக் அமானுல்லாதான் சொன்னான். இருக்கும்போது தெரிந்திருந்தால் அப்போதே தடுத்திருப்பேன். சரி, செத்தவனைப் பற்றி என்ன பேச்சு.

போன வருடம் ஒரு நாள் கேட்டவரம்பாளையம் சந்தையிலிருந்து வண்டியில் வருகிறேன். புது டிராக்டர் வாங்கிய ஆள் ஒருவர், எனக்கு ஒருவகையில் சம்பந்தி முறை, டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, "வாங்க சம்பந்தி, டிராக்டர் வருதா, மல்லாட்டை உடைக்கிற மெஷினு வருதா?" என்கிறார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, உங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வீர்கள். டீக்கடை முழுவதும் சிரிப்பு. டீ மாஸ்டர்கூடச் சிரித்தான். அவனிடம் மாட்டு வண்டிகூடக் கிடையாது.

அன்றைக்கே வந்து மூடியைத் திறந்தேன். என் இரண்டு வால்வுக்கும் திருகாணியை முடுக்கினேன். சத்தம் குறைகிறதா, இன்னும் கொஞ்சம். குறைகிறதா, இன்னும் கொஞ்சம். நின்றுவிட்டது. பூ மாதிரி ஆகிவிட்டது என் சிலிண்டர். தகடும் இல்லை, நம்பரும் இல்லை. காது இருக்கிறவனுக்குத் தகடு எதற்கு?

என் மனைவி லோகாம்பாள் களத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எப்படி இருக்குது, பேச்சே இல்ல பாரு" என்றேன்.

"வண்டி பேசாம இருந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தமா? நான்கூடத்தான் பேசாம இருக்கறேன்" என்றாள்.

அவள் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் வண்டி முழுவதும் அமைதியாகிவிட்டதா என்றால் இல்லை. தசரதன் இருக்கிறானே. நான் முடுக்கினேன் என்று தெரிந்ததும் அவன் தன்னுடையதைத் தளர்த்தினான். "அண்ணன் மூச்சப் புடிக்குது, நானாவது வுடறேன்" என்றானாம். தகடு என்ன, விரலே நுழையும் அந்த இடைவெளியில். என்னுடையது பூ மாதிரி, அவனுடையது தகர டப்பா மாதிரி, கடைசியில் அலமேலுவினுடையது கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று. ரோட்டில் போனால் மூன்று வீட்டுக் குரலும் தனித்தனியாகக் கேட்கும். அமானுல்லாவைக் கூப்பிட்டுத் தம்பியின் சத்தத்தை மட்டும் நிறுத்து என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "பங்காளி மூணு பேரும் ஸ்டாம்பு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே, அப்பத்தான் மூடியத் தொறப்பேன்" என்றான். அவனுக்கும் சட்டம் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அப்போதுதான் அலமேலு ஒரு நாள் வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வால்வுக்குக் கொஞ்சம் எடம் வுடணும். சூடானா அது நீளும். நீள எடமில்லன்னா சரியா மூடாது. மூடாம ஓடுனா எரிஞ்சிபூடும். அவரு பன்னெண்டு நம்பர் தகடு வெச்சித்தான் எல்லாத்தையும் வெப்பாரு" என்றாள்.

"வால்வு எடம் கேக்குதா?" என்றேன். "இன்னிக்கு வால்வு கேக்கும், நாளைக்கு வரப்பு கேக்கும். அப்புறம் நீ கேப்பே."

அவள் போய்விட்டாள். கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன், ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த வருடம் ஆனி கடைசியில்தான் மழை. போன வியாழன், வெள்ளி, இரண்டு நாள் கொட்டியது. எங்களுடையது செம்மண், மானாவாரி. மழை பெய்தால் ஒரு வாரம், அதற்குள் ஒரு உழவு உழுது, அடுத்த உழவில் விதை போட்டுவிட வேண்டும். ஈரம் போய்விட்டால் அந்தப் போகம் அவ்வளவுதான். மல்லாட்டை விதை எல்லாம் உடைத்துத் தயாராக இருக்கிறது. உடைத்த விதையை அடுத்த வருடத்துக்கு வைக்கவும் முடியாது, வறுத்துத் தின்ன வேண்டியதுதான்.

சனிக்கிழமை என் முறை. நாலு ஏக்கரும் உழுதேன். சாயங்காலம் எஞ்சின் கொஞ்சம் திணறியது. தசரதனுடைய சிலிண்டர் தளர்ந்து கிடந்தால் திணறாமல் என்ன செய்யும்? ஞாயிறு தசரதன் முறை. மத்தியானத்துக்கு மேல் புஸ் புஸ் என்று சத்தம், கறுப்புப் புகை. ஆமை மாதிரி உழுது முடித்தான். திங்கள் அலமேலு முறை. அவளே ஓட்டுவாள், சொல்ல மறந்துவிட்டேன். விடியற்காலையில் வந்து ஏறி உட்கார்ந்தாள். வண்டி எழவில்லை. மேட்டிலிருந்து உருட்டிவிட்டோம். இருமியது, நின்றது. இருமியது, நின்றது.

இறங்கி வந்து கேட்டாள். "மாமா, ஈரம் இன்னும் நாலு நாள் தாங்கும். மூடியத் தொறந்து மூணு சிலிண்டரையும் ஒரே கையா பாத்துடலாம். நான் பாக்கறேன். வேணாம்னா அமானுல்லா அண்ணன் பாக்கட்டும். இந்தப் போகம் வுட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல மாமா."

எனக்குக் கல்நெஞ்சா? தசரதன் விட்டால் நானும் விடுகிறேன் என்றேன். அவனிடம் போனாள். அண்ணன் விட்டால் நானும் விடுகிறேன் என்றான். திரும்ப வந்தாள். மூத்தவன் முதலில் விட்டால் அதற்கு என்ன அர்த்தம்? அவன் முதலில் விடட்டும் என்றேன். மறுபடி அங்கே போனாள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகைதான். அவன் சொல்வது எனக்குக் கேட்கிறது, நான் சொல்வது அவனுக்குக் கேட்கிறது. இருந்தாலும் ஒரு முறை என்று இருக்கிறதல்லவா? நாலு தடவை நடந்தாள். ஐந்தாவது தடவை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை என் பங்கில் என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று அமானுல்லாவை வரவழைத்து ஹெட்டையே இறக்கினேன். ஹெட் மூன்று பேருக்கும் பொது, அதனால் மூன்று பேரையும் நிற்க வைத்துத்தான் இறக்கினேன். புகை போகிற வால்வு ஒன்று ஓரத்தில் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. என்னுடையதுதான். தசரதனுடையது கறுத்துப்போய், ஆனால் முழுசாக இருந்தது. அலமேலுவினுடையது பளபளவென்று இருந்தது.

"பாத்தீங்களாண்ணே" என்றான் அமானுல்லா.

பார்த்தேன். உழைக்காத வால்வு அழகாகத்தான் இருக்கும். மூன்று வால்வின் பாரத்தையும் ஒன்றே சுமந்தால் எரியாமல் என்ன செய்யும்? மூத்தவனாகப் பிறந்தால் இதுதான் கதி, வால்வாக இருந்தாலும் சரி. இதைச் சொன்னபோது தசரதன் வானத்தைப் பார்த்தான். அலமேலு ஹெட்டைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

நேற்று அவள் நிலத்தில் ஒரு வண்டி ஓடுகிறது. பக்கத்து ஊர் வண்டி, வாடகைக்கு. அதுவும் நம்முடையது போலப் பழைய வண்டிதான். வந்ததும் வராததுமாக அதன் மூடியைத் திறந்து, பரந்தாமனின் தகட்டை வைத்து எல்லா வால்வையும் பார்த்துச் சரிசெய்தாளாம். வண்டிக்காரன் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவனுக்குக் கூர்சீட்டு ஏது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அப்புறம் அவளே ஏறி ஓட்டி, ஒரே நாளில் உழுது விதைத்தும் முடித்துவிட்டாள்.

வீட்டில் லோகாம்பாள் ஆரம்பித்தாள். "அந்த வண்டிய நாமளும் கூப்புடலாமில்ல? இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள் ஈரம் இருக்குது."

எப்படி இருக்கிறது? சொந்த வண்டி வைத்துக்கொண்டு வாடகை வண்டி கூப்பிட்டால், அந்தச் சம்பந்தி டீக்கடையில் நின்று என்ன சொல்வார்? நான் இவளிடம் தெளிவாகச் சொன்னேன். நாளைக்குப் போளூர் போகிறேன், சாயங்காலம் ஹெட்டோடு வருகிறேன், வெள்ளிக்கிழமை பூட்டுகிறோம், சனிக்கிழமை விதைக்கிறோம். "சனிக்கெழம ஈரம் இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். "யாரு சொன்னா?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இன்று காலையில் ஹெட்டைச் சாக்கில் கட்டும்போது முடிச்சுக்கூட அவளே போட்டுக் கொடுத்தாள். எத்தனை மணி பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். அக்கறைதான்.

லேத்துக்காரனிடம் போனில் பேசிவிட்டேன். ஆறு வால்வையும் பார்த்துவிடலாம் என்கிறான். என்னுடைய இரண்டை மட்டும் தொடு, மற்ற நாலும் உனக்குச் சம்பந்தமில்லாதது என்றேன். "ஒரே ஹெட்டு தானேங்க?" என்கிறான். ஒரே ஹெட்டில் மூன்று பாகம் என்றேன். நேரில் வாருங்கள் என்றான். அதனால்தான் கூர்சீட்டு நகலும் எடுத்து வந்திருக்கிறேன். பையில் இருக்கிறது. பார்க்கிறீர்களா? வேண்டாமா? சரி.

இருங்கள், போன் அடிக்கிறது. லோகாம்பாள்தான்.

சொல்லு. பஸ்ஸில்தான் இருக்கிறேன். ஏன் கத்துகிறாய், அங்கே என்ன சத்தம்? எந்த விதை? நம் விதையா? எங்கே எடுத்துப் போனாய்?

சார், நீங்களும் கேளுங்கள். சத்தமாக வைக்கிறேன்.

"... நம்ம நெலத்துலதான். அந்த வாடக வண்டிய அலமேலு ஓட்டுது. ரெண்டு ஏக்கர் ஆயிடுச்சு. நானும் தசரதன் பொண்டாட்டியும் பின்னால வெத போட்டுக்கினு வரோம்."

யாரைக் கேட்டு?

"ஈரத்தக் கேட்டு."

தசரதன் எங்கே?

"வரப்பு மேல வெத மூட்டயோட நிக்கறாரு. இது முடிஞ்சா அவரு நெலந்தான். ஒங்களுக்கு இன்னாத்துக்குச் சொல்றன்னா, மத்தியானம் சோறு ஆக்கல. போளூர்லயே சாப்புட்டு வாங்க."

லோகா, கூர்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? என் பாகத்தில் மற்றவர்... லோகா? லோகா?

கட் ஆகவில்லை. அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. கேட்கிறதா உங்களுக்கு? இந்தாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள். டக் டக் டக் டக். எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறாள் அந்த அலமேலு, பார்த்தீர்களா? இந்தத் தட்டு தட்டினால் எந்த எஞ்சின் தாங்கும்? நான் சொல்கிறேன், அடுத்த திருப்பத்தில் நின்றுவிடும். இல்லையென்றால் அதற்கடுத்ததில். அப்போது தெரியும் அவளுக்கு.

டக் டக் டக்.

திரும்புகிறாள். இப்போது பாருங்கள்.

என்ன, போளூரா? எல்லோரும் இறங்குகிறார்களா? இறங்கட்டும். நீங்கள் கொஞ்சம் இருங்கள் சார். கண்டக்டர், ஒரு நிமிஷம். இதோ, இப்போது நின்றுவிடும்.